ஒரு முழம் இடைவெளி: சின்ன ஆட்டோஃபோகஸ் கேமராவும் எங்கள் வீட்டுப் படமும்

எங்க வீட்டு ஆல்பத்தில் அப்பாவும் அம்மாவும் மட்டும் தனியாக நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1998 பொங்கல் லீவில் திருமயம் கோட்டை மேல் எடுத்தது. எடுத்தவன் நான். அப்போது பி.இ. இரண்டாம் வருஷம். படத்தில் பின்னால் இருக்கும் கோட்டைச் சுவர் பளிச்சென்று விழுந்திருக்கிறது. கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றின் இலைகளை எண்ணிவிடலாம். முன்னால் நிற்கும் இரண்டு பேரும் மங்கல். அம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிரின்ட் வந்த அன்றைக்கு அப்பா பார்த்துவிட்டு, "கை ஆடிருச்சுடா உனக்கு" என்றார். அதற்கப்புறம் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "கேமராவ அவன்கிட்ட குடுக்காதீங்க, அவனுக்குக் கை ஆடும்" என்பது நிரந்தர ஜோக் ஆகிவிட்டது. நானும் அதை நம்பித்தான் இருந்தேன். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. போன வருஷம் பழைய நெகடிவ்களை எல்லாம் எடுத்து ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சின்ன விஷயம் உறைத்தது. கை ஆடியிருந்தால் சுவரும் சேர்ந்து ஆடியிருக்க வேண்டுமே?

இந்தக் குறிப்பு அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறது. கேமரா என் சின்ன மாமா சிங்கப்பூரிலிருந்து கோடாலித் தைலம், டார்ச் லைட், சேலை எல்லாவற்றோடும் சேர்த்துக் கொண்டு வந்தது. சட்டைப் பையில் போடுகிற சைஸ், ஜப்பான் கம்பெனி. பெயர் சொல்லப் போவதில்லை. நான் பேசப் போகும் குறை ஒரு கம்பெனியுடையது இல்லை. அந்த வகைக் கேமராவின் பிறவிக் குணம் அது. இப்போது இந்தச் சின்ன பிலிம் கேமராக்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. 25 வயசுப் பசங்க பழைய மாடல்களைத் தேடித்தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கும் இது உதவலாம்.

அதற்கு முன்னால் எங்க ஊரில் என்ன இருந்தது

புதுக்கோட்டைக்குப் புகைப்படம் சீக்கிரமே வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-லேயே புதுக்கோட்டைக் காட்சிகளைத் தனித் தொகுப்பாக வெளியிட்டார். மெழுகு தடவிய காகித நெகடிவ், ஸ்டாண்டில் நிற்கும் பெரிய கேமரா. அவர் தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைத் தன் கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்தார். எது தெளிவாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது மனிதர்.

நூறு வருஷம் கழித்து, சாதாரண வீடுகளுக்குக் கேமரா வந்தபோது ஃபோகஸ் என்ற வேலையையே எடுத்துவிட்டார்கள். பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் III, அப்புறம் ஹாட் ஷாட், யாஷிகா எம்எஃப்-2 சூப்பர், கோடக் கேபி-10. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம்ம பக்கத்துக் கல்யாணம், காதுகுத்து, ஸ்கூல் டூர் படங்களில் பெரும்பகுதி இந்த ரகத்தில் எடுத்தவைதான். இவற்றில் லென்ஸ் எந்தத் தூரத்தையும் தேடிப் போகாது. க்ளிக் III-ல் கிட்டம், தூரம் என்று ஒரு தேர்வு இருக்கும், மற்றவற்றில் அதுவும் கிடையாது. தொழிற்சாலையில் ஒரு தூரத்துக்கு வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

இது மட்டமான வேலை மாதிரித் தெரியும். ஆனால் கணக்கு அழகானது. 35 மி.மீ. லென்ஸ், துவாரம் எஃப் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெகடிவில் 0.03 மி.மீ. வரை மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது வழக்கமான கணக்கு. லென்ஸை 5.1 மீட்டருக்குப் பூட்டினால், சுமார் 2.5 மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதாவது எட்டு அடி தள்ளி நின்றால் போதும், தப்பு செய்யவே முடியாது. எதுவும் உச்சத் தெளிவாக இருக்காது, ஆனால் எதுவும் காணாமலும் போகாது.

விலை வெளிச்சத்தில் கொடுக்க வேண்டும். துவாரம் சின்னது என்பதால் வெயில் வேண்டும், இல்லாவிட்டால் ஃபிளாஷ் வேண்டும். சாயங்காலம், வீட்டுக்குள், மண்டபத்தில் படம் சொதப்பும். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஆட்டோஃபோகஸ். துவாரத்தை எஃப் 2.8-க்குத் திறந்தால் எஃப் 8-ஐவிட எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் அப்போது தெளிவு ஒரு மெல்லிய பட்டைக்குள் சுருங்கிவிடும். 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.76-லிருந்து 2.32 மீட்டர் வரைதான். அந்தப் பட்டையை யாராவது சரியான இடத்தில் வைக்க வேண்டும். நமக்குத் தெரியாது என்பதால் கேமராவே வைக்கட்டும் என்றார்கள்.

கேமரா எப்படித் தூரம் பார்க்கிறது

பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா 1977-ல் வந்த கோனிகா சி35 ஏஎஃப். 38 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். உள்ளே அமெரிக்காவின் ஹனிவெல் கம்பெனி செய்த 'விசிட்ரானிக்' என்ற பாகம். இரண்டு சின்ன ஜன்னல்கள் வழியாக ஒரே காட்சியைப் பார்த்து, இரண்டு பிம்பமும் எப்போது ஒத்துப் போகிறது என்று தேடும். நம்ம இரண்டு கண் மாதிரி. வெளிச்சமும் மேடுபள்ளமும் இருந்தால் நன்றாக வேலை செய்யும். வெறும் வெள்ளைச் சுவர் முன்னால் திணறும்.

1978-ல் போலராய்டு வேறு வழியில் போனது. எஸ்எக்ஸ்-70 சோனார் வௌவால் மாதிரி ஒலி அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளந்தது. இருட்டிலும் வேலை செய்யும், ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியாக எடுத்தால் கண்ணாடியையே மனிதன் என்று நினைத்துக்கொள்ளும். 1979-ல் கேனன் ஏஎஃப்35எம் வந்தது. ஜப்பானில் ஆட்டோபாய், அமெரிக்காவில் ஷ்யூர் ஷாட். இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை ஒன்றை அனுப்பும். பொருள் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைச் சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு கண் வாங்கும். எந்தக் கோணத்தில் வந்தது என்பதிலிருந்து முக்கோணக் கணக்கில் தூரம் கிடைக்கும். எங்க தாத்தா குளத்தின் அகலத்தை இக்கரையில் இருந்தே மூணு கம்பு நட்டு அளப்பார். அதே கணக்குதான்.

அடுத்த இருபது வருஷம் சின்னக் கேமராக்களில் ஆண்டது இந்த அகச்சிவப்பு முறைதான். ஒலிம்பஸ் மியூ (1991), அதன் தம்பி மியூ-2 (1997) எல்லாம் இந்த வம்சம். இந்தத் தொழில்நுட்பத்தில் எவ்வளவு காசு புரண்டது என்பதற்கு ஒரு உதாரணம்: பெரிய கேமராக்களின் ஆட்டோஃபோகஸ் காப்புரிமை வழக்கில் மினோல்டா 1992-ல் ஹனிவெல்லுக்கு 12 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

சரி, அகச்சிவப்புக் கற்றை எங்கே போகும்? படத்தின் நடு மையத்துக்கு. வ்யூஃபைண்டரில் நடுவில் ஒரு குட்டிக் கட்டம் போட்டிருப்பார்கள், அதற்குள் என்ன இருக்கிறதோ அதுதான் படத்தின் கதாநாயகன் என்பது கேமராவின் முடிவு. கற்றை போய் எதிலும் படாமல், அல்லது ரொம்ப தூரத்தில் பட்டு, திரும்பி வராமல் போனால்? அப்போது லென்ஸ் தொலைவுக்குப் போய்விடும். 'பதில் வரவில்லை' என்பதை 'பொருள் அடிவானத்தில் இருக்கிறது' என்று கேமரா படித்துக்கொள்கிறது. என் தொழிலில் ஒரு ஜூனியர் இப்படிக் கோடு எழுதி ரிவ்யூவுக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும், ஒரு எண்ணைப் போட்டு நிரப்பக் கூடாது.

நெகடிவில் இருந்த சாட்சி

இப்போது திருமயத்துக்குத் திரும்புவோம். லென்ஸ் வளையத்தில் 35 மி.மீ., 2.8 என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் உயரம் ஐந்தடி ஆறங்குலம். நெகடிவில் அவர் கிட்டத்தட்ட 19.5 மி.மீ. உயரம் நிற்கிறார். அதிலிருந்து கணக்குப் போட்டால் நான் சுமார் 3 மீட்டர் தள்ளி நின்றிருக்கிறேன். வெயில் இறங்கிவிட்டது, அவர்கள் நின்றது நிழலில். அதனால் துவாரம் முழுசாகத் திறந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேமரா இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து பின்சுவருக்கு, அல்லது அடிவானத்துக்கு, ஃபோகஸ் செய்திருந்தால் 3 மீட்டரில் இருக்கும் ஒரு வெளிச்சப் புள்ளி நெகடிவில் 0.146 மி.மீ. வட்டமாக விரியும். பொறுத்துக்கொள்ளும் அளவைவிட ஐந்து மடங்கு. 4க்கு 6 பிரின்டில் அது 0.6 மி.மீ. அந்தப் பிரின்டில் முகத்தின் உயரமே 11 மி.மீ.தான். ஒரு கண்ணின் அகலம் ஒன்றரை மி.மீ. அம்மாவின் மூக்குத்தி கால் மி.மீ. மங்கல் வட்டம் மூக்குத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதான் மூக்குத்தி இல்லை.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. அப்பாவின் மூக்குக்கண்ணாடி பிரேமில் ஒரு வெளிச்சப் புள்ளி பட்டிருக்கிறது. ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்தால் அது ஒரு குட்டி வட்டம். கை ஆடியிருந்தால் கோடாக இழுத்திருக்கும். 2400 டிபிஐ ஸ்கேனில் அந்த வட்டத்தின் குறுக்களவு 14 பிக்சல், அதாவது 0.148 மி.மீ. கணக்கில் வந்தது 0.146. இவ்வளவு நெருங்கி வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கும்.

ஆக, கை ஆடவில்லை. இருபத்தேழு வருஷம் கழித்துத் தீர்ப்பு.

எம்எஃப்-2 மாதிரி பூட்டிய ஃபோகஸ் கேமராவில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெளிச்சம் போதாமல் படம் கறுத்து, கலரெல்லாம் கசங்கி வந்திருக்கும். ஆனால் 3 மீட்டர் அதன் தெளிவு எல்லைக்குள்தான். முகம் இருந்திருக்கும். பாதி விலைக் கேமரா பாதித் தரத்தில் எல்லாரையும் காட்டியிருக்கும். இரண்டு மடங்கு விலைக் கேமரா முழுத் தரத்தில் சுவரைக் காட்டியது.

பச்சை விளக்கு

இந்த நடுக்கட்டக் குறை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதது இல்லை. அதற்கு மருந்தும் கொடுத்திருந்தார்கள்: பட்டனைப் பாதி அமுக்கிப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். ஒருவர் முகத்தில் கட்டத்தை வைத்துப் பாதி அமுக்கி, பிடித்தபடியே கேமராவை நகர்த்தி, பிறகு முழுசாக அமுக்க வேண்டும். புத்தகத்தில் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் புத்தகம் எங்க வீட்டில் டிவி மேல் கவர் பிரிக்காமல் இருந்தது. மாமா கேமராவைக் கொடுத்தபோது சொன்னது, "ஒண்ணுமே பண்ண வேண்டாம், அமுக்குனா போதும்". இந்த வகைக் கேமரா உலகம் முழுக்க விற்றதே அந்த ஒரு வாக்கியத்தில்தான். எதுவும் செய்ய வேண்டாம் என்று விற்றுவிட்டு, சரியாக வர ஒரு வித்தை செய்ய வேண்டும் என்று 30-ஆம் பக்கத்தில் எழுதினால் யார் படிப்பார்கள்?

எனக்கு உண்மையான கோபம் பச்சை விளக்கு மேல்தான். 1983-ல் வந்த நிக்கான் எல்35ஏஎஃப், நிக்கானின் முதல் ஆட்டோஃபோகஸ் சின்னக் கேமரா, ஒரு நல்ல காரியம் செய்தது. பாதி அமுக்கினால் வ்யூஃபைண்டரில் ஒரு முள் நகர்ந்து, கிட்டத்து ஆள், கொஞ்சம் தள்ளி ஆட்கள், மலை என்ற சின்னங்களில் ஒன்றைக் காட்டும். முள் மலையைக் காட்டினால், "அடடா, நம்ம ஆள் மலையைப் பிடிச்சுக்கிட்டான்" என்று தெரிந்துவிடும். படிப்பறிவே வேண்டாம். பிற்பாடு வந்த பெரும்பாலான கேமராக்களில் இதை எடுத்துவிட்டு ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு வைத்தார்கள். பச்சை எரிந்தால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். எதன் மேல் ஆனது என்று சொல்லாது. சர்வரிடம் ஒரு கேள்வி கேட்டால் '200 ஓகே' மட்டும் வருகிறது, உள்ளே பதில் காலி. திருமயத்தில் எனக்கும் பச்சை எரிந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன்.

ஒரு கருவி தப்பு செய்வதை நான் மன்னிப்பேன். தப்பு செய்யும்போது நமக்குத் தெரியாமல் செய்வதும், அப்புறம் பழி நம் கைமேல் விழுவதும்தான் சங்கடம்.

நாம் நிற்கும் விதம்

நடுவில் இருப்பவர்தான் முக்கியம் என்பது பல படங்களுக்குச் சரி. ஒருத்தர் மட்டும் நின்றால் நடுவில்தான் நிற்பார். மூணு பேர் என்றாலும் நடுவில் ஒருவர் இருப்பார். சிக்கல் இரண்டு பேர் நிற்கும்போது. தோளில் கை போட்டு ஒட்டி நிற்கிற ஜோடி என்றால் கட்டத்துக்குள் இரண்டு தோளும் வந்துவிடும். கேமராவும் பிழைத்துக்கொள்ளும்.

எங்க பக்கத்தில் எங்க அப்பா அம்மா வயசுக்காரர்கள் பொது இடத்தில் அப்படி நிற்க மாட்டார்கள். ஸ்டூடியோவில் கூட அண்ணன் வந்து, "கொஞ்சம் ஒட்டி நில்லுங்கக்கா" என்று மூணு தடவை சொன்னால்தான் அரையடி நகர்வார்கள். கோட்டை மாதிரி திறந்த இடத்தில் ஒரு முழம் இடைவெளி நிச்சயம். படத்தில் அளந்து பார்த்தேன், இருவர் கைகளுக்கும் நடுவில் ஏறக்குறைய 50 செ.மீ. கேமராவின் நடுக்கட்டம் அந்த ஐம்பது சென்டிமீட்டருக்குள் முழுசாக விழுந்துவிட்டது. கேமரா பார்த்தது அவர்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியை. அதை மிகத் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை இது. ஆனால் ஒரு கருவிக்குள் 'மனிதர்கள் இப்படித்தான் நிற்பார்கள்' என்று ஒரு யூகம் பொதிந்திருக்கிறது என்பதும், அந்த யூகம் பொருந்தாத ஊரில் பிழை கூடும் என்பதும் உண்மை. உங்க வீட்டு ஆல்பத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 1990-லிருந்து 2005 வரை எடுத்த ஜோடிப் படங்களில், நடுவில் திரைச்சீலையோ வாசல் நிலையோ பளிச்சென்று இருக்கும் படம் ஒன்றாவது கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கல்லைப் படமெடுக்க ஆகுமா

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நான் லீவு நாளில் கல்வெட்டு பார்க்க அலைபவன் என்று தெரியும். அதே கேமராவோடு குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் எல்லாம் சுற்றியிருக்கிறேன். அந்த வேலைக்கு இந்த வகை எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன்.

கருங்கல்லில் தூரம் பிடிப்பதில் பிரச்சினை இல்லை. கல் நன்றாகவே கற்றையைத் திருப்பி அனுப்பும். பிரச்சினை ஃபிளாஷ். கல்வெட்டு எழுத்து என்பது ஒரு பள்ளம். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் நின்று எழுத்து எழும்பும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் காலை வெயில், மாலை வெயில் பார்த்துப் போவார்கள். சின்னக் கேமராவில் ஃபிளாஷ் லென்ஸுக்கு ஒட்டியே இருக்கிறது. நேருக்கு நேர் அடித்தால் நிழலே இல்லை, எழுத்தும் இல்லை. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு மாதிரி சின்ன எழுத்து நெருக்கமாக உள்ள இடத்தில் இது பெரிய நஷ்டம். சித்தன்னவாசல் ஓவியம் மாதிரி இடங்களிலோ ஃபிளாஷ் அடிக்கவே கூடாது.

ஃபிளாஷை அணைக்க வழி இருக்கிறது. ஆனால் மியூ-2 உட்படப் பல கேமராக்களில் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ ஃபிளாஷுக்குத் திரும்பிவிடும். மறுபடி பட்டனைத் தட்டித்தட்டி அணைக்க வேண்டும். இங்கேயும் அதே குணம்தான்: நீ சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டேன், எனக்குத் தெரிந்ததைத்தான் செய்வேன்.

இன்னொன்று, கிட்டத்தில் வ்யூஃபைண்டர் பார்ப்பதும் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றல்ல. கல்வெட்டின் முதல் வரியை வைத்து எடுத்ததாக நினைத்தால் பிரின்டில் கடைசி வரிக்குக் கீழே வெறும் கல் கூடுதலாக வந்து முதல் வரி போயிருக்கும். ஆய்வுக்கு இந்தக் கேமரா உதவாது என்பது என் முடிவு. ஊரின் பொதுப் படம், கோயில் முகப்பு, கூட வந்தவர்கள் முகம், இவற்றுக்கு உதவும்.

கேமராவின் பக்கத்து நியாயம்

இவ்வளவு திட்டியாயிற்று. கேமரா பக்கமும் பேச வேண்டும்.

மாமா கேமரா கொடுப்பதற்கு முன்னால் எங்க ஆல்பத்தில் இருந்த மொத்தப் படம் முப்பதுகூட இல்லை, எல்லாம் ஸ்டூடியோ. கொடுத்தபின் வருஷத்துக்கு மூணு ரோல், நாலு ரோல். 36 படம் ரோலில் இழுத்துப் பிடித்து 38 எடுப்போம். குளமங்கலம் மாசி மகத்தில் அய்யனார் கோயில் குதிரைக்குக் காகித மாலை போடும் கூட்டம், தாழ்வாரத்தில் ஆயா வெற்றிலை இடிப்பது, தங்கச்சி சைக்கிள் பழகி விழுந்தது, எல்லாம் இருக்கிறது. தாழ்வாரத்தில் எடுத்த ஆயா படம் பூட்டிய ஃபோகஸ் கேமராவில் வந்திருக்கவே வராது. அவ்வளவு இருட்டு. இதில் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிகிறது. ஆயா தனியாக, நடுவில் உட்கார்ந்திருந்தார்.

முக்கியமாக, அம்மா படம் எடுத்தார். அதுவரை கேமரா என்றால் ஆம்பளைங்க சமாச்சாரம். ஒன்றும் செய்ய வேண்டாம், அமுக்கினால் போதும் என்ற அதே வாக்கியம்தான் அம்மா கையில் கேமராவைக் கொண்டு சேர்த்தது. அந்த வாக்கியத்தை நான் மேலே திட்டினேன். இதையும் எழுதாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

ஒரு ரோலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 37 படத்தில் ஃபோகஸ் தவறியது மூன்று. பத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு இன்ஜினியராக நான் இதை நல்ல கருவி என்பேன். ஆனால் அந்த மூன்றும் தாறுமாறாக வந்து விழுந்த மூன்று இல்லை. மூன்றுமே ஜோடிப் படம். பிழை எண்ணிக்கையில் சின்னது, எங்கே விழுகிறது என்பதில் பெரியது.

குடம் வைத்துப் பார்த்த சோதனை

கேமரா இன்னும் உயிரோடு இருக்கிறது. பேட்டரி மாற்றியதும் லென்ஸ் முணங்கிக்கொண்டே வெளியே வந்தது. ஒரு ரோல் வாங்கிப் போட்டு, சாயங்காலம் மொட்டைமாடியில் இரண்டு பிளாஸ்டிக் குடத்தை ஸ்டூல் மேல் வைத்து, 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். பின்னால் எதிர்வீட்டுச் சுவர், சுமார் 15 மீட்டர். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஊரில் பிலிம் கழுவுபவர் யாரும் இப்போது இல்லை, கூரியரில் அனுப்பி ஸ்கேன் வாங்கினேன். ரோல், கழுவும் செலவு எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்குச் சுமார் நாற்பது ரூபாய் ஆயிற்று.

முடிவு இதுதான். ஒட்டி வைத்தால் குடம் தெளிவு. ஒரு சாண் இடைவெளியிலும் தெளிவு. ஒரு முழம் ஆனதும் எதிர்வீட்டுச் சுவர் தெளிவு, குடம் மங்கல். அதே ஒரு முழத்தில், இடது குடத்தில் கட்டத்தை வைத்துப் பாதி அமுக்கிப் பூட்டி எடுத்தால் இரண்டு குடமும் தெளிவு. ஐந்து விநாடி வேலை.

வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: கைக்கு வந்த கேமராவில் முதல் ரோலை இந்த மாதிரிச் சோதனைக்குச் செலவழியுங்கள். இரண்டு பேரை எடுக்கும்போது எப்போதும் பாதி அமுக்கிப் பூட்டுங்கள். ஃபோகஸ் தூரத்தை முள்ளிலோ சின்னத்திலோ காட்டும் மாடல் கிடைத்தால், பேர் பெற்ற மாடலைவிட அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கண்ணாடி வழியாக, கறுப்புத் துணி முன்னால், தண்ணீர் மேல் அகச்சிவப்புக் கேமராவை நம்பாதீர்கள்.

2024-ல் புதிதாகவே இரண்டு பிலிம் கேமரா வந்தது. மின்ட் கம்பெனியின் ரோலெய் 35ஏஎஃப் லேசர் அடிக்கும் லைடார் முறையில் தூரம் பார்க்கிறது. பென்டாக்ஸ் 17 ஆட்டோஃபோகஸே வைக்கவில்லை. ஆறு தூரங்களைச் சின்னமாகக் குறித்து, நீயே திருப்பி வை என்றுவிட்டது. கேமரா உலகம் அரை நூற்றாண்டு சுற்றி, கேள்வியை மறுபடி நம்மிடம் கொடுத்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. செல்போன் இந்தச் சிக்கலை வேறு வழியில் தாண்டிவிட்டது. 2001-ல் வயோலாவும் ஜோன்ஸும் வேகமாக முகம் கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார்கள். பிறகு வந்த கேமராக்கள் நடுவில் எது இருக்கிறது என்று பார்ப்பதை விட்டு முகம் எங்கே என்று தேட ஆரம்பித்தன. 1998-க்கு அது மூணு வருஷம் தாமதம்.

ஸ்கேனையும் கணக்கையும் அம்மாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்கப்பா சொன்னது தப்புங்கிற" என்றார்.

"ஆமாம்மா. கை ஆடல."

"அவரு இருக்கப்பவே சொல்லியிருக்கணும். எத்தன பேருட்ட சொல்லிச் சிரிச்சாரு."

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். "அன்னைக்கி உங்க தாத்தாவும் வந்திருந்தாரு தம்பி. ஒனக்குப் பின்னாடிதான் நின்னாரு. மாமனார் பாத்துக்கிட்டு நிக்கயில எப்பிடி ஒட்டி நிக்கிறது?"

தாத்தா வந்திருந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அந்த ரோலில் அவர் ஒரு படத்திலும் இல்லை.

சோதனை ரோலில் இன்னும் பதினொரு படம் மிச்சம் இருந்தது. ரோலை முடித்துத்தான் கூரியர் போட வேண்டும் என்பதால், எட்டை அம்மாவையும் சித்தியையும் திண்ணையில் உட்கார வைத்து எடுத்தேன். நடுவில் ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி, பாக்குத் தட்டு வைக்க. அம்மா முகத்தில் கட்டத்தை வைத்துப் பாதி அமுக்கி, நகர்த்தி, எடுத்தேன். மூக்குத்தி இடது பக்கம்.